பினாயில் அக்காவின் பூனை விடுதி

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரில் தொடங்கி வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் பினாயில் அக்கா. கேலிக்கு வைத்த பெயர்தான். அவளோ அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டாள். வார்டுகளைத் துடைக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. வாளித் தண்ணீரில் கறுப்புப் பினாயிலை ஊற்றினால், அது விழுந்த இடத்திலிருந்து வெள்ளையாகப் பொங்கிப் பரவும். ஓர் ஆயுள் முழுக்கப் பார்த்தும் அவளுக்கு அந்தக் காட்சி அலுக்கவில்லை. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் பாடமே அதுதான். "பாலு மாதிரி வரணும். தண்ணி மாதிரி வந்தா நோயாளிய ஏமாத்தறோம்னு அர்த்தம்" என்பாள்.

ஒரு சமயம் குழந்தைகள் வார்டில் வயிற்றுப்போக்கு கட்டிலுக்குக் கட்டில் தாவியது. மருந்து மாற்றிப் பார்த்தார்கள், ஆளை மாற்றிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. பினாயில் அக்கா தன் படையோடு உள்ளே இறங்கி, கட்டில் கால், ஜன்னல் கம்பி, கதவுப் பிடி என்று ஒன்றை விடாமல் கழுவித் தள்ளினாள். நோய் அடங்கிவிட்டது. பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும், "மருந்து பாதி, அக்கா பாதி" என்று சொன்னார். அவர் போகிற போக்கில் சொன்னதுதான். இவள் மனசில் கல்வெட்டாக நின்றுவிட்டது. அன்று முதல், எங்கே நோய் வந்தாலும் அவள் தேடுவது வாளியைத்தான்.

பிறகு மெஷின் வைத்துத் துடைக்கிற கம்பெனி வந்தது. கழுத்துப்பட்டை கட்டிய ஒரு மேனேஜர் வந்து, பெண்களை வரிசையாக நிற்க வைத்து, சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்பினார். வழியனுப்பும்போது பினாயில் அக்காவுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வேலையில்லாதவளுக்கு எதற்குக் கடிகாரம் என்று மகள் கேட்டாள்.

அந்த மகளும் இவளும் மட்டும்தான் வீட்டில். மகளுக்குப் பல் முளைக்கும் முன்பே புருஷன்காரன் வேறு குடித்தனம் தேடிப் போய்விட்டான். அவனைப் பற்றி இந்தக் கதைக்கு இவ்வளவு போதும்.

வீட்டில் உட்கார்ந்த அக்கா சும்மா இருப்பாளா? துடைத்த தரையையே துடைத்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களின் மாடிப்படியைக் கழுவ ஆரம்பித்தாள். கேட்காமல் கழுவியதால் அவர்கள் கோபித்துக்கொண்டார்கள். மகள் தன் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் ஒரு பயணச் சீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். ஊருக்குப் போகச் சீட்டு வாங்க வருகிறவர்கள், பூனையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் திரும்பிப் போவதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"நாயை விடறதுக்கு இடம் இருக்கும்மா. அங்கேயே பூனையையும் வாங்கிக்கறாங்க. குலைக்கற சத்தத்துலயே அது பாதி செத்துப்போகுது. பூனைக்குன்னு மட்டும் ஒரு இடம் இல்ல. நம்ம பின்பக்க ரூம் சும்மாதானே கிடக்கு?"

"பூனைக்கு விடுதியா? மனுசனுக்கே இடம் இல்லாம தெருவுல கிடக்கறான்" என்றாள் அக்கா. ஆனாலும் அன்று சாயங்காலமே பின்பக்க அறையின் ஒட்டடையை அடித்துவிட்டாள்.

மகள் விவரமானவள். எடுத்த எடுப்பில் பெரிதாக ஆரம்பிக்கக் கூடாது, ஓர் அறை போதும், முதலில் தெரிந்தவர்களின் பூனையை வைத்துப் பழக வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். அக்காவும் கேட்டுக்கொண்டாள். இருந்தாலும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சில இருக்கின்றனவே. முதலில் வந்த பூனை, குளியலறையின் காற்று ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது. மீன் வாசனை காட்டி அதை இறக்குவதற்குள் அக்காவின் உயிர் போய்த் திரும்பி வந்தது. மறுநாளே எல்லா ஜன்னலுக்கும் கம்பி வலை அடித்தார்கள். இரண்டு வீட்டுப் பூனைகளை ஒரே அறையில் விட்டதில் முடி பறந்தது. பலகை வைத்துத் தனித்தனியாகத் தடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு போட்டதில் எல்லோருக்கும் வயிறு கெட்டது. அவரவர் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். பூனையை விட்டுப் போன ஒருத்தர் போனை அணைத்துவிட்டு ஆளையே காணோம். அதிலிருந்து இன்னொரு சொந்தக்காரரின் எண்ணையும் கேட்டு வாங்கினார்கள். இப்படி அடிபட்டு அடிபட்டுத் தேறியதில், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் செய்யும் தப்பையெல்லாம் தாண்டிவிட்டோம் என்று தாயும் மகளும் நம்பினார்கள். ஊரும் அப்படித்தான் நம்பியது.

தெருக்கோடியில் மிருக டாக்டர் ஒருவர் இருந்தார். ஏதாவது அவசரம் என்றால் வேண்டுமே என்று மகள் அவரைப் போய்ப் பார்த்து வந்தாள்.

"நல்ல மனுசன்மா. ஒரு நாள் வந்து இடத்தைப் பாத்துட்டு, என்ன இருக்கலாம், என்ன இருக்கக்கூடாதுன்னு சொல்றேன்னார். காசு எதுவும் வேணாமாம்."

"எதுக்கு? தூசி இருக்கான்னு பாக்கவா?" அக்காவுக்குச் சுருக்கென்றது. "டாக்டருங்களுக்கு நடுவுலயே கிடந்து நரைச்சவ நான். சுத்தத்தைப் பத்தி எனக்கு ஒருத்தர் வந்து சொல்லணுமா? பூனைக்குக் காய்ச்சல் வந்தா நானே தூக்கிட்டுப் போறேன். அதுவரைக்கும் அவர் அவர் வேலையைப் பாக்கட்டும்."

மகள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அம்மாவின் கௌரவத்தில் கை வைப்பது நெருப்பில் கை வைப்பது என்று அவளுக்குத் தெரியும். பூனைக்கு என்ன தின்னக் கொடுப்பது, எப்படித் தூக்குவது என்று அக்கா யாரிடம் வேண்டுமானாலும் கேட்பாள், கூச்சமே பட மாட்டாள். தரை துடைப்பதைப் பற்றிக் கேட்பதற்கு அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

வாசலில் பலகை வைத்தார்கள். மேலே 'பூனை விடுதி.' கீழே, அக்காவின் பிடிவாதத்தால், 'சுத்தம் சோறு போடும்.' உள்ளே வருகிறவர்களை முதலில் வரவேற்றது அந்த வாசனைதான். மூக்கைச் சுளித்தவர் ஒருவரும் இல்லை. பூனை இருக்கிற இடத்தில் பூனை வாடையே இல்லையே என்று மூக்கில் விரலை வைத்தார்கள். சில பூனைகள் வந்த மறுநாள் வாயோரம் எச்சில் வடித்துக்கொண்டு, தட்டைத் தொடாமல், மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். "வீட்டு ஞாபகம்" என்று அக்கா சொல்லுவாள். திரும்பிக் கூட்டிப் போன பிறகு அவை தேறிவிட்டதாகச் செய்தி வரும். பார்த்தீர்களா, வீட்டு ஞாபகம்தான் என்பாள்.

டைப்பிஸ்ட் அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தது அப்படியொரு நல்ல காலத்தில்தான்.

வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பு தேய்ந்துபோய், மாற்று எலும்பு வைக்க ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். அக்கா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. கூடையில் சாம்பல் நிறத்தில் ஒரு கிழட்டுப் பூனை, ஒரு காது கிழிந்து, ஊரையே வேலைக்கு வைத்திருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பேரு என்னம்மா?"

"மேனேஜர்."

அக்கா சிரித்துவிட்டாள். அவளை வீட்டுக்கு அனுப்பிய கழுத்துப்பட்டை மேனேஜரின் ஞாபகம் வந்தது. "இதென்ன பேரு?"

"எங்க வீட்டுக்காரர் வச்சதும்மா. ஆபீஸ்ல மேனேஜர் முன்னாடி வாயே திறக்கமாட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினதும் இவனைப் பாத்து, 'மேனேஜர், உமக்கு அறிவிருக்கா'ன்னு ஆரம்பிப்பார். இவன் கண்ணை மூடிட்டு எல்லாத்தையும் கேட்டுப்பான். திட்டி முடிச்சதும் மடியில ஏறிப் படுத்துப்பான்." டைப்பிஸ்ட் அம்மா சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "போன வருஷம் அவர் போயிட்டார். இப்ப வீட்ல நானும் இவனும்தான். திட்டறதுக்கு ஆளில்லாம இவனுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு."

பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். நீலக் கோடு போட்ட ஆண்பிள்ளைச் சட்டை. காலர் மடிப்பில் அழுக்கு ஏறியிருந்தது, துணியெல்லாம் பூனை முடி.

"இவன் இது மேலதான் தூங்குவான். அவர் கடைசியா போட்டுக் கழட்டினது. தயவுசெஞ்சு இதை மட்டும் துவைச்சுடாதீங்கம்மா. அவர் வாசனை இன்னும் இருக்கு. இவனுக்கும் அது வேணும், எனக்கும் வேணும்."

அக்காவுக்கு அதைக் கையில் வாங்கவே கூசியது. ஆனாலும் வாங்கினாள். "என் மேல சத்தியம். துவைக்கமாட்டேன்" என்றாள்.

டைப்பிஸ்ட் அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். "இதுக்கு முன்னாடி ஒரு இடம் போய்ப் பாத்தேன். உள்ளே நிக்க முடியல. இங்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா. எனக்கு ஆபரேஷனைப் பத்திப் பயமில்ல. திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு உசுரு இருக்கணும். அது இருந்தா நான் எழுந்து நடந்துடுவேன்."

"நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க. கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா. சொன்னபடியே செய்தாள். அதுதான் இந்தக் கதையில் தாங்க முடியாத விஷயம்.

மேனேஜருக்குக் கிழக்கு ஜன்னலை ஒட்டிய தடுப்பைக் கொடுத்தாள். மற்றப் பூனைகளுக்கு ஒரு வேளை துடைத்தால் இவனுக்கு இரண்டு வேளை. வயசானவன், எதுவும் தொற்றிக்கொள்ளக் கூடாது. துடைத்த தரை காய்வதற்குள் அவன் வந்து, அந்தக் குளிர்ச்சியில் வயிற்றைப் பதித்து நீட்டிப் படுப்பான். பிறகு எழுந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பாதமாகத் தூக்கி, விரலிடுக்கை விரித்து, பொறுமையாக நக்குவான். வயிறு, தொடை, வால் நுனி வரைக்கும் ஒன்றையும் விடமாட்டான். அக்கா வாளி ஓரத்தில் குந்தியபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பாரு, என்னை மாதிரியே ஒரு சுத்தக்காரன்" என்று மகளிடம் பெருமையாகச் சொல்லுவாள்.

நாள் போகப் போக அவளுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. துடைத்து முடித்துத் துணியைப் பிழிந்துவிட்டு, "என்ன மேனேஜர், உமக்கு அறிவிருக்கா? ஒரு வார்த்தை கேட்டீரா எங்களை? மெஷினுக்கு மூலை முடுக்கு தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். கழுத்துப்பட்டைக்காரனிடம் அன்றைக்குச் சொல்ல முடியாமல் தொண்டையில் நின்றதெல்லாம் வெளியே வந்தது. பூனை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டது. முடித்ததும் அவள் மடியில் ஏறியது. மடியில் ஒரு கனம் ஏறி எத்தனை காலமாயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

டைப்பிஸ்ட் அம்மா காலையில் வார்டிலிருந்து போன் செய்வார். "என்ன பண்றான்?"

"உக்காந்து அதிகாரம் பண்றார். இப்பதான் தரையைத் துடைச்சேன்மா, பளிச்சுன்னு இருக்கு."

"நல்லதும்மா. வயசானவன். முடிஞ்சா இன்னொரு தடவைகூடத் துடைங்க."

"அதைச் சொல்லணுமா? துடைச்சாச்சு."

ஆபரேஷன் நடந்த அன்றுதான் மேனேஜர் முதல் தடவையாகத் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. வளர்த்தவர் கத்திக்குக் கீழே படுத்திருப்பது அதற்குத் தெரிந்திருக்கிறது என்று அக்கா உருகிப்போனாள். மறுநாள் வாயோரம் எச்சில் வழிந்தது. அதற்கடுத்த நாள் கால்கள் நடுங்கின. சட்டை மேல் வாந்தி எடுத்து வைத்தது. அக்கா கொடுத்த வாக்கை நினைத்து, சட்டையைத் துவைக்காமல் ஈரத் துணியால் ஒற்றி மட்டும் எடுத்தாள்.

"டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போலாம்மா" என்றாள் மகள்.

"வீட்டு ஞாபகம்தான். வேற ஏதாவது தொத்தியிருந்தா, முதல்ல இடத்தைக் கழுவணும்."

கழுவினாள். வாளியில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினாள், பாலை விடக் கெட்டியாக வந்தது. தரையோடு பலகையையும் துடைத்தாள், ஜன்னல் கம்பியைத் துடைத்தாள். பூனை தள்ளாடிக்கொண்டு அந்த ஈரத்தில் நடந்தது. தன் சுத்தம் கெட்டுவிட்டதே என்ற கவலையில், சக்தி இருந்த வரைக்கும் பாதத்தை நக்கியது. அது வாடியதைப் பார்த்து இவள் மறுபடி வாளியை எடுத்தாள். குழந்தைகள் வார்டை மீட்டவள் அல்லவா, தன் கையை அவள் நம்பினாள்.

ஒரு காலையில் மேனேஜரால் எழுந்து நிற்க முடியவில்லை. கூடையில் சட்டையை விரித்து, அவனைப் படுக்க வைத்துக்கொண்டு தாயும் மகளும் தெருக்கோடிக்கு ஓடினார்கள்.

மிருக டாக்டர் கூடையின் மூடியைத் திறந்தவுடனே குனிந்து முகர்ந்து பார்த்தார். பாதத்தைத் திருப்பினார். அடிப்பக்கம் செக்கச் சிவந்திருந்தது. வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார், அதுவும் சிவந்திருந்தது.

"தரையை எதைப் போட்டுத் துடைக்கறீங்க?"

"கறுப்புப் பினாயில்" என்றாள் அக்கா. அந்த நேரத்திலும் அவள் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. "பாலு மாதிரி கலந்து துடைப்பேன். ரெண்டு வேளை. உடம்பு முடியாம போனதுல இருந்து நாலு வேளை."

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, பூனையின் கால்களைத் தண்ணீரில் கழுவியபடியே மெதுவாகப் பேசினார். "பூனை செருப்பு போட்டு நடக்காதும்மா. காலை நக்கும். தரையில இருக்கறதெல்லாம் அதோட வயித்துக்குப் போயிடும். நம்ம ஈரல் அந்த விஷத்தை ஓரளவு உடைச்சு வெளியே தள்ளிடும். பூனை ஈரலுக்கு அது வராது. கொஞ்சம் கொஞ்சமா சேந்துட்டே போகும்."

"எச்சில் வடிஞ்சதே..."

"அதனாலதான்."

"மத்ததுங்களும் வந்த புதுசுல வடிச்சதுங்களே. வீட்டு ஞாபகம்னு..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வந்து பார்க்கிறேன் என்றேனே, வேண்டாம் என்றீர்களே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குச் சற்று லேசாகக்கூட இருந்திருக்கும்.

மகள் வீட்டுக்கு ஓடி, தங்கியிருந்த மற்ற இரண்டு பூனைகளையும் அள்ளிக்கொண்டு வந்தாள். அவை வந்து அதிக நாளாகவில்லை, பிழைத்துக்கொண்டன. மேனேஜருக்குக் காலில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். அக்கா மேஜையருகிலேயே நின்றாள். அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், போகவில்லை. அடுத்த நாள் வெயில் சாய்கிற நேரத்தில், "மேனேஜர், உமக்கு அறிவிருக்கா, எனக்குத்தான் இல்லை, உமக்காவது இருந்திருக்கக் கூடாதா, கடிச்சு வைச்சிருக்கக் கூடாதா என் கையை" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த உடம்பு அசைவை நிறுத்தியது. கண்ணை மூடிக்கொண்டு, எப்போதும் போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. டாக்டர் வீட்டுக் கொல்லையில் புதைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து மகள் பினாயில் கேனைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தாள். பலகையைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவங்ககிட்ட என்னம்மா சொல்லப்போற?"

"தெரியல."

"வயசான பூனை, தூக்கத்துலயே போயிடுச்சுன்னு சொல்லு. தொழிலுக்காக நான் சொல்லல. தொழில் போனா போகட்டும். அவங்க இப்பதான் எழுந்து நடக்கப் பாக்கறாங்க. இந்த நேரத்துல உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற அக்கா, அன்றைக்குத் தலையை ஆட்டினாள். மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. எழுந்து நடக்க வேண்டும் அந்த அம்மா.

காலையில் கிளம்பும்போது வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. கூடைக்குள் அந்தச் சட்டை கிடந்தது. வாந்தியும் எச்சிலும் காய்ந்து கோடு கோடாகப் படிந்திருந்தன. ஒருத்தர் நம்பிக் கொடுத்த பொருளை இந்தக் கோலத்திலா திருப்பிக் கொடுப்பது? அவள் மனசு வேறெங்கோ இருந்தது. கை தன்பாட்டுக்குச் சோப்பை எடுத்தது, காலரை இரண்டு விரலால் கசக்கியது, அலசியது, உதறி வெயிலில் போட்டது. காய்ந்ததும் இஸ்திரி போட்டு, கடையில் வாங்கியது போல மடித்துப் பையில் வைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பழைய காவலாளி பல்லைக் காட்டினான். "என்ன பினாயில் அக்கா, எங்களை மறந்தே போயிட்டீங்க." அவள் தலையைக் குனிந்துகொண்டு அவனைக் கடந்து போனாள். அந்தப் பெயருக்கு அவள் திரும்பிப் பார்க்காமல் போனது அதுதான் முதல் தடவை.

டைப்பிஸ்ட் அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் தெளிவு வந்திருந்தது. கட்டிலருகே, பிடித்து நடக்கப் புதிதாக ஒரு நடைச்சட்டம் நின்றது.

"வாங்கம்மா, வாங்க. ரெண்டு நாளா போன் எடுக்கலையே நீங்க? நான் ஜன்னல் வரைக்கும் நடந்துட்டேன் தெரியுமா? மேனேஜர்கிட்ட சொல்லுங்க. அடுத்த வாரம் அனுப்பிடுவாங்களாம்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். மகள் சொல்லிக்கொடுத்ததை வரும் வழியெல்லாம் உருப்போட்டிருந்தாள். அப்படியே ஒப்பித்தாள். வயசாகிவிட்டது. தூக்கத்தில் போய்விட்டான். கஷ்டப்படவில்லை.

டைப்பிஸ்ட் அம்மாவின் உதடு துடித்தது. கண்ணிலிருந்து இறங்கிய நீர் கழுத்து வரைக்கும் போயிற்று. அதைத் துடைக்கவும் மறந்து, கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஏம்மா நடுங்கறீங்க? நீங்க என்ன பண்ணுவீங்க. அவர் போனதுல இருந்தே அவன் பாதி ஆளாத்தான் இருந்தான். என் வீட்டுத் தூசியில கிடக்காம, உங்க வீட்டுச் சுத்தத்துல, உங்க கையில போனானே. அதுவே பெரிய விஷயம்."

அக்காவால் அந்தக் கைக்குள் தன் கையை வைத்திருக்க முடியவில்லை. உருவிக்கொண்டாள். அடி வாங்கினால்கூட அவள் பொய்யைத் தாங்கியிருப்பாள். ஆறுதலை வாங்கிக்கொண்டு அவளால் பொய்யைச் சுமக்க முடியவில்லை.

"நான்தாம்மா கொன்னேன்" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பினாயில், நக்கிய பாதம், சிவந்த நாக்கு, நாலு வேளை. டாக்டர் வருகிறேன் என்றதையும் தான் வேண்டாம் என்றதையும்கூட விடவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு சொல்லும் சேர்க்காமல், நோயாளியின் நிலையை நர்ஸிடம் சொல்லுவது போலச் சொல்லி முடித்தாள்.

டைப்பிஸ்ட் அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தாழ்வாரத்தில் மெஷின் உறுமிக்கொண்டு தரையைத் துடைத்துப் போயிற்று.

"தினமும் சொன்னீங்க" என்றார் கடைசியில். "இப்பதான் துடைச்சேன்னு. நானும் சந்தோஷமா கேட்டுட்டு, இன்னொரு தடவை துடைங்கன்னு சொன்னேன்."

"நீங்க தெரியாம சொன்னது."

"நீங்களும் தெரியாமதானே பண்ணீங்க." அவர் குரலில் மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. களைப்புதான் இருந்தது. "யாரைம்மா நான் திட்டறது? திட்டறதுக்குன்னு இருந்தவனும் போயிட்டான்."

கொஞ்ச நேரம் கழித்து, "சட்டை இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. கொண்டாந்திருக்கேன்." ஒன்றையாவது பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க முடிகிறதே என்று அக்கா அவசரமாகப் பையைத் திறந்தாள். மடிப்புக் கலையாமல் அதை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

டைப்பிஸ்ட் அம்மா சட்டையை விரித்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார். நிறுத்தினார். காலரைத் தேடி எடுத்து, அங்கே மூக்கை வைத்து மறுபடி இழுத்தார். பிறகு அக்குளில், பிறகு மார்புப் பக்கத்தில், ஒவ்வோர் இடமாகத் தேடினார்.

அப்போதுதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. ஸ்டூலிலிருந்து எழுந்தவள் எழுந்தபடியே நின்றாள். அவளுடைய கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. சோடாவிலும் சோப்பிலும் ஊறி வெளுத்த, ஆயுசு முழுக்க அவள் நம்பிய கைகள்.

டைப்பிஸ்ட் அம்மா சட்டையை மெல்ல மடியில் இறக்கினார். அதன் கோடுகளை ஒருமுறை தடவினார். மடித்திருந்த அதே மடிப்பில் திரும்ப மடிக்க ஆரம்பித்தார்.

"நல்லா வெளுத்திருக்கீங்கம்மா" என்றார்.